முழங்கையில் ஓயாத அரிப்பு, கோதுமை மேல் சந்தேகம்: பரிசோதனைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆறு வருஷம் அரித்தது. முழங்கை, முழங்கால், உட்காரும் இடம், அப்புறம் தலைமுடிக்குள். அந்த ஆறு வருஷத்தில் சொறி என்றார்கள், கரப்பான் என்றார்கள், மனக்கவலை என்றார்கள். கடைசியில் நாலு மில்லிமீட்டர் தோலை எடுத்துச் சரியான முறையில் பார்த்தபோதுதான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. நான் மருத்துவர் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள். என்னைப் போல அலைந்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, என் தோல் மருத்துவரிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரம் இல்லை என்றால், கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா என்ற கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இது என்ன நோய்? பெயரே வாயில் நுழையவில்லையே.

டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். சுருக்கமாக டி.எச். 1884இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த லூயிஸ் டூரிங் என்ற தோல் மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். அதனால் டூரிங் நோய் என்றும் சொல்வார்கள். கொப்புளங்கள் ஹெர்ப்பிஸில் வருவதுபோலக் கொத்துக் கொத்தாக வருவதால் இந்தப் பெயர் வைத்தார்கள். மற்றபடி ஹெர்ப்பிஸ் கிருமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாரிடமிருந்தும் தொற்றாது, யாருக்கும் ஒட்டாது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்தால் இழுபடுவதும், பரோட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிவதும் இதனால்தான். பிறவியிலேயே அதற்கான மரபுக்கூறு உள்ள சிலருக்கு, இந்தப் புரதம் குடலில் படும்போது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே எதிரியாக நினைத்துவிடுகிறது. குடலின் உறிஞ்சும் பகுதி அதனால் தேய்ந்துபோனால் சீலியாக் நோய். அதே கோளாறில் உண்டாகும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் தோலின் மேலடுக்குக்குக் கீழே போய்ப் படிந்தால் டி.எச். நோய் ஒன்றுதான், அது வெளியே தெரிகிற இடம்தான் வேறு. டூரிங் எழுதி 80 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1966இல்தான் இந்தத் தோல் நோயாளிகளின் குடலும் பாதிக்கப்பட்டிருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இணையத்துப் படங்களில் இருப்பதுபோல எனக்குக் கொப்புளமே இல்லையே?

இருக்காது. எழும்பும்போதே சொறிந்து உடைத்துவிடுகிறோம். டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது நகக்கீறலும் பொருக்கும் கறுத்த தழும்பும்தான் மிஞ்சியிருக்கும். அதைப் பார்த்துக் கரப்பான் என்று எழுதிவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கொப்புளத்தைவிட அது வரும் இடத்தைக் கவனியுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம், முழங்காலின் முன்பக்கம், உட்காரும் இடம், இடுப்புக்கு மேல் முதுகு, தோள்பட்டை, பின்னந்தலை. பெரும்பாலும் இடமும் வலமும் ஒரே மாதிரி வரும். எனக்கு இரண்டு முழங்கையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. கணக்கு டீச்சராக இருந்தும் அந்தச் சமச்சீர் என் கண்ணில் படவில்லை, என் மகள்தான் சொன்னாள்.

அப்புறம் அந்தக் காந்தல். வெறும் அரிப்பு என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே அந்த இடம் சூடாகக் காந்தும், ஊசியால் குத்துவதுபோல இருக்கும். இன்று ராத்திரி இங்கேதான் கிளம்பப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கொப்புளம் உடைந்ததும் கொஞ்சம் அடங்கும்.

சொறி என்றால் விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்று வரும். வீட்டில் மற்றவர்களும் சொறிய ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் சொறி மருந்தைக் குடும்பத்தோடு மூன்று தடவை பூசிக்கொண்டோம், என் மாமியார் உட்பட. என்னைத் தவிர யாருக்கும் ஒரு நாள்கூட அரித்ததில்லை. அதிலேயே யாராவது யோசித்திருக்கலாம்.

ஒரு யோசனை: புதிதாகக் கொப்புளம் கிளம்பிய உடனே, கை வைப்பதற்கு முன், போனில் படம் எடுத்துவிடுங்கள். தேதியோடு நாலைந்து படம் சேர்ந்தால் போதும். டாக்டரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஊரில் இது அக்கி என்று சொல்லி, காவி எழுதிக்கொள்ளச் சொல்கிறார்களே?

கொத்துக் கொப்புளம் என்றாலே நம் ஊரில் அக்கி என்றுதான் முதலில் சொல்வார்கள். எனக்கும் எழுதினார்கள். ஆனால் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு நரம்பு போகும் வழியில் பட்டையாக வரும். சில வாரங்களில் தானாக ஆறும். இரண்டு பக்கமும் வந்து, ஆறி, மறுபடி மறுபடி கிளம்பினால் அது அக்கி இல்லை. உண்மையிலேயே அக்கி என்றாலும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவதுதான் நல்லது என்பதால், இரண்டில் எதுவானாலும் முதலில் டாக்டரிடம் போவதே சரி.

சோறு சாப்பிடுகிற நமக்கெல்லாம் இது வருமா?

குறைவு, ஆனால் வரும். டி.எச். உலகத்திலேயே அதிகமாகப் பதிவாகியிருப்பது பின்லாந்தில், ஒரு லட்சம் பேரில் சுமார் 75 பேருக்கு. இந்தியாவில் சீலியாக் பற்றி 23,000 பெரியவர்களுக்கு மேல் பரிசோதித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10 மட்டும். ஆச்சரியம் என்னவென்றால், நோய்க்கு இடம் கொடுக்கும் மரபுக்கூறு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

அந்த 25 கிராம் இன்றும் அப்படியே இருக்கிறதா என்று உங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டை வைத்துப் பாருங்கள். எனக்கு 37 வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன். காலையில் கோதுமை ரவை உப்புமா. முழங்கை அரிக்கத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். இதனால்தான் அது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த நோய் 30 முதல் 50 வயதுக்குள்தான் அதிகமாகத் தலைகாட்டுகிறது, நம்மில் பலர் சப்பாத்திக்கு மாறுவதும் அந்த வயதில்தான்.

நம் ஊரில் இது அரிது என்பதாலேயே டாக்டர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அதனால் நீங்களே பெயரைச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. "டி.எச். ஆக இருக்குமா, பயாப்சி எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" இவ்வளவு போதும். பயாப்சி என்றால் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது.

கோதுமையை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கிறேன். குறைந்தால் அதுதான் என்று தெரிந்துவிடுமே?

தயவுசெய்து வேண்டாம். நான் செய்த தவறு இதுதான், எனக்கு ஒன்றரை வருஷத்தைத் தின்ற தவறும் இதுதான்.

முதல் காரணம், ஒரு மாதத்தில் உங்களுக்கு எந்தப் பதிலும் கிடைக்காது. தோலில் படிந்த ஐஜிஏ மெதுவாகத்தான் கரையும். குளூட்டனை முழுக்க விட்டாலும் அரிப்பு அடங்கப் பல மாதம் ஆகும், சிலருக்கு இரண்டு வருஷம்கூட. ஒரு மாதம் விட்டுப் பார்த்து, குறையவில்லை, அப்படியானால் கோதுமை காரணம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது என்பதால், குறைந்தாலும் அது நிரூபணம் ஆகாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ரத்தப் பரிசோதனையும் குடல் பரிசோதனையும் நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகப் பேசும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இறங்கி, குடலும் தேற ஆரம்பித்துவிடும். அப்போது சோதித்தால் ஒன்றும் இல்லை என்று காகிதம் வரும். நோய் இருக்கும், காகிதத்தில் இருக்காது.

நம்மைப் போன்ற சோற்றுக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. "நான் எதையும் நிறுத்தவில்லை, எப்போதும்போலத்தான் சாப்பிடுகிறேன்" என்பார்கள். எப்போதும்போல என்றால் மூன்று வேளையும் அரிசிதான், வாரத்துக்கு ஒரு பரோட்டா. பரிசோதனைக்கு அது போதாமல் போகலாம். பொதுவாகச் சொல்லப்படும் அளவு, பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு. ஒரு நடுத்தரச் சப்பாத்தியில் ஏறத்தாழ 3 கிராம் குளூட்டன் இருக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதலில் பரிசோதனை, அப்புறம்தான் பத்தியம். இந்த வரிசை மாறக் கூடாது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டேனே, இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம். சமீபத்தில்தான் விட்டீர்கள் என்றால் தோல் பயாப்சியை உடனே எடுத்துவிடலாம். தோலில் உள்ள ஐஜிஏ ரத்தத்தில் உள்ளதுபோலச் சீக்கிரம் மறையாது, வருஷக்கணக்கில் தங்குவதும் உண்டு. டி.எச்.சில் இது ஒரு பெரிய வசதி.

நீண்ட நாள் விட்டிருந்தால் மறுபடி சாப்பிட்டுவிட்டுச் சோதிக்க வேண்டியிருக்கும். எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். நான் செய்தேன். நாலாவது வாரம் ராத்திரிகளை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும். அதை நீங்கள் பட வேண்டாம் என்பதற்காகத்தான் மேலே அவ்வளவு அழுத்தமாக எழுதினேன்.

எந்த டாக்டரிடம் போவது?

தோல் மருத்துவரிடம். வயிற்று மருத்துவர் பிறகு வருவார். உங்கள் ஊர்த் தோல் மருத்துவரிடம், "நேரடி இம்யூனோஃப்ளோரசன்ஸ் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். தோல் துண்டில் படிந்திருக்கும் ஐஜிஏவை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை அது. எல்லா லேபிலும் கிடையாது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள். உங்கள் டாக்டரே தோலை எடுத்து அனுப்பிவைக்கவும் முடியும்.

பயாப்சியை எந்த இடத்தில் எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாததால்தான் என் முதல் பயாப்சி வீணாயிற்று.

இரண்டு துண்டு தேவை. ஒன்று, புதிதாகக் கிளம்பிய கொப்புளத்தின் மேலேயே எடுத்து, சாதாரண நுண்ணோக்கியில் பார்ப்பது. இன்னொன்று, கொப்புளத்துக்குப் பக்கத்தில், ஒரு சென்டிமீட்டருக்குள், பார்க்க நன்றாக இருக்கும் தோலில் எடுப்பது. விஷயமே அந்த இரண்டாவது துண்டில்தான் இருக்கிறது. கொப்புளம் உள்ள இடத்தில் வீக்கத்திலேயே ஐஜிஏ சிதைந்துபோயிருக்கும், சோதித்தால் இல்லை என்று வரும். நோயைத் தேடி நோயில்லாத தோலை வெட்டுவதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் சரியான இடம் அதுதான்.

அடுத்தது, எடுத்த துண்டை எதில் போடுகிறார்கள் என்பது. முதல் துண்டு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகலாம். இரண்டாவது துண்டு ஃபார்மலினில் விழுந்தால் போச்சு, இம்யூனோஃப்ளோரசன்ஸ் செய்யவே முடியாது. அதற்கு மைக்கேல் திரவம் என்று தனியாக இருக்கிறது. அதில் போட்டால் சில நாள் கெடாது, வெளியூருக்கு அனுப்பலாம். உப்புநீரில் போட்டால் ஒரு நாளைக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும்.

என் முதல் தடவை, ஒரே ஒரு துண்டு, அதுவும் பழைய புண்ணின் மேல், அதுவும் ஃபார்மலினில். "நாள்பட்ட கரப்பான்" என்று முடிவு வந்தது. அந்த ஒரு வரியை நம்பி அடுத்த இரண்டு டாக்டர்களும் வேறெதையும் யோசிக்கவில்லை. தவறான காகிதம் ஒன்று கையில் இருப்பது, காகிதமே இல்லாததைவிடக் கெடுதல்.

இப்போது என்னிடம் யார் கேட்டாலும், போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன்: இரண்டு துண்டு, ஒன்று பக்கத்துத் தோல், அது ஃபார்மலினில் வேண்டாம். பணிவாகக் கேட்டால் எந்த டாக்டரும் கோபிப்பதில்லை. அவர்களுக்குப் பிறகு நான் பார்த்த டாக்டர், நான் எழுதிக்கொண்டு போன தாளை வாங்கிப் படித்துவிட்டு, "சரியாத்தாம்மா எழுதியிருக்கீங்க" என்றார்.

வலிக்குமா?

மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். அப்புறம் தெரியாது. துண்டுக்கு ஒரு தையல், ஏழு பத்து நாளில் பிரித்துவிடுவார்கள். ஒரு ராத்திரி அரிப்போடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா?

உதவும், போதாது. டிடிஜி ஐஜிஏ, அதாவது குடலில் உள்ள டிடிஜி என்ற நொதிக்கு எதிரான ஐஜிஏ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதலில் எழுதித் தருவது. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும், அவர்களுக்கு டிடிஜி இல்லை என்று வருவதற்கு அர்த்தமே கிடையாது. ஈ.எம்.ஏ. என்ற இன்னொரு சோதனையும் உண்டு. இவை எல்லாம் இல்லை என்று வந்தாலும் டி.எச். இருக்கலாம், ஏனென்றால் தோலில் படியும் எதிர்ப்பொருள் தேடிப் போவது குடலில் உள்ளதற்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற வேறொரு நொதியை. கடைசித் தீர்ப்பு தோல் துண்டில்தான்.

அலர்ஜி டெஸ்ட், ஜீன் டெஸ்ட் எல்லாம் எடுக்கட்டுமா?

கோதுமை அலர்ஜி வேறு நோய். தோலில் குத்திப் பார்க்கும் சோதனை டி.எச்.சைக் காட்டாது. இருநூறு உணவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்துத் தருவதாக விளம்பரம் செய்கிறார்களே, ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளைப் பார்க்கும் அந்தச் சோதனைகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஜீன் சோதனையில் டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபுக்கூறுகள் இரண்டும் இல்லை என்று வந்தால் டி.எச். அநேகமாக இல்லை என்று சொல்லலாம். இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏராளமான நல்ல உடம்புக்காரர்களுக்கும் அது உண்டு.

வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கு எண்டோஸ்கோபி?

டி.எச். உள்ளவர்களில் பெரும்பாலோர் வயிற்றுத் தொந்தரவு எதுவும் சொல்வதில்லை. ஆனால் உள்ளே பார்த்தால் நாலில் மூன்று பேருக்குக் குடல் தேய்ந்திருக்கும். தோல் துண்டில் உறுதியாகிவிட்டால், நோயைக் கண்டுபிடிக்க எண்டோஸ்கோபி கட்டாயம் இல்லை. எடை இறங்குவது, ரத்தசோகை, பேதி என்று வேறு ஏதாவது இருந்தால் டாக்டர் செய்யச் சொல்வார். அதுவும் பத்தியம் தொடங்குவதற்கு முன்பே.

இரும்புச்சத்து, வைட்டமின் டி, தைராய்டு மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தைராய்டுக் கோளாறு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வரும். எனக்கு ஹீமோகுளோபின் 9 இருந்தது. பல வருஷமாக இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏன் ஏறவில்லை என்பதற்கு அன்றுதான் காரணம் கிடைத்தது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்பு பூசினால் குறைகிறது. பூசலாமா?

அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், கூடவே பூஞ்சை மருந்தும் சேர்த்திருப்பார்கள். கொஞ்சம் அடக்கும், நோயைப் போக்காது, நாளாக நாளாகத் தோல் மெலிந்துபோகும். பயாப்சிக்கு முன் எதைப் பூசினீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலி ட்யூபையே எடுத்துக்கொண்டு போங்கள்.

டாப்சோன் எழுதித் தந்திருக்கிறார். இணையத்தில் பார்த்தால் தொழுநோய் மருந்து என்கிறதே!

ஆமாம், அதே மருந்துதான். 1940களின் பிற்பகுதியில் நம் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்து முன்னோடியாக நின்ற மருந்து. எத்தனையோ பேருடைய கை கால்களைக் காப்பாற்றியது. அதே மாத்திரை, கிருமியோடு சம்பந்தமே இல்லாமல், தோலுக்கு வந்து சேரும் ஒருவகை வெள்ளணுக்களை அடக்குவதால் டி.எச்.சிலும் வேலை செய்கிறது. உங்களுக்குத் தொழுநோய் இல்லை. இருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்துக்கடைப் பையன் என்னைப் பார்த்த பார்வையில் அன்று சீட்டை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். என் கணவர்தான் போய் வாங்கி வந்தார். ஒரு நாள் அரிப்பை அந்தப் பார்வைக்காக வீணாகத் தாங்கினேன்.

வேகம் ஆச்சரியமானது. ஒன்று இரண்டு, அதிகம் போனால் மூன்று நாளில் அரிப்பு அடங்கிவிடும். ஆறு வருஷத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

ஆனால் இது விளையாட்டு மாத்திரை இல்லை. தொடங்குவதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களை வேகமாக உடைத்துவிடும். நொதி சரியாக உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஓரளவு இறங்கும், அதனால் ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். தவறவிடாதீர்கள். முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, மஞ்சள் காமாலை, தொண்டைப்புண், உதடு நீலமாவது, மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அரிக்கிறதே என்று உங்கள் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

டாப்சோன் அரிப்பைத்தான் நிறுத்தும், குடலை ஆற்றாது. விட்டால் சில நாளில் அரிப்பு திரும்பிவிடும். பத்தியம் வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்கிற ஊன்றுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கேட்டுவிட்டது என்பதையே நிரூபணமாகவும் எடுக்க முடியாது, வேறு சில கொப்புள நோய்களும் இதற்கு அடங்கும். ஏற்கெனவே இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் செய்யலாம், படிந்த ஐஜிஏவை டாப்சோன் கரைப்பதில்லை.

உறுதியாகிவிட்டது. எதையெல்லாம் விட வேண்டும்?

கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எல்லாம் போகும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, பருப்பு வகைகள் எல்லாம் இருக்கும். இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், களி, கூழ். வட இந்தியாவில் இந்த நோய் வந்தவர்கள் ரொட்டியை விட்டுவிட்டு என்ன செய்வது என்று தவிக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் பாதிதான்.

ஒரு எச்சரிக்கை. சில அகராதிகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் ரை என்பதைக் கம்பு என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கம்பங்கூழை விட்டவர்கள் இருக்கிறார்கள். ரை நம் ஊரில் விளையாத வேறு தானியம். கம்பில் குளூட்டன் கிடையாது, தாராளமாகச் சாப்பிடலாம்.

நம் சமையலறையில் ஒளிந்திருப்பது பெருங்காயம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பது தெரியும். சிட்டிகைதான், ஆனால் சாம்பார், ரசம், ஊறுகாய், தாளித்த மோர் என்று தினம் தினம் போகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள்.

அடுத்தது மாவு மில். உங்கள் கேழ்வரகுக்கு முன்னால் அரைத்தது யாருடைய கோதுமையோ, அந்த மாவு இயந்திரத்திலேயே தங்கியிருக்கும். எங்கள் மில்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கோதுமைக்கென்று அவரிடம் தனி இயந்திரம் இருந்தது, என் கேழ்வரகை அரிசி இயந்திரத்தில் அரைத்துத் தருகிறார். அந்த வசதி இல்லையென்றால் வீட்டு மிக்ஸிதான்.

சிறுதானிய சேமியா, ராகி பிஸ்கட் என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், பின்பக்கத்தில் பாதி மைதாவாக இருக்கும். மால்ட் சேர்த்த சத்துமாவுப் பானங்களில் பார்லி உண்டு. சோயா சாஸில் கோதுமை உண்டு. ரவா தோசை, கோதுமைப் பாலில் கிண்டும் அல்வா, பீர் மூன்றும் போயிற்று. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வார்க்க வேண்டாம், தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் குளூட்டன் இல்லை என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அந்த வாசகத்தைத் தேடிப் பாருங்கள்.

அயோடின் சிலருக்கு அரிப்பைத் தூண்டும் என்பது உண்மைதான். அதற்காக நீங்களாகவே அயோடின் உப்பை நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், கட்டாயம் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் டிடிஜி ஐஜிஏ ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அவர்களும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான். என் மகளுக்குப் பார்த்தோம், இல்லை.

பரிசோதனையே இல்லாமல் கோதுமையை விட்டுவிட்டு நன்றாக இருக்கிறேன். பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

நன்றாக இருப்பவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் இல்லை. ஆனாலும் இது வாழ்நாள் பத்தியம். காகிதம் கையில் இருந்தால்தான் பத்து வருஷம் கழித்தும் விடாமல் இருக்க மனம் வரும். எலும்பு, தைராய்டு, ரத்தம் என்று டாக்டர் வருஷத்துக்கு ஒரு முறை கவனிப்பார். கண்டுகொள்ளாமல் பல வருஷம் விட்டால் குடலில் ஒருவகைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிது கூடுகிறது, கறாரான பத்தியத்தில் அது குறைகிறது. இவ்வளவையும் யோசித்து, உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

"ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று வீட்டில் கேட்கிறார்களே?

எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கல்யாண வீட்டில் பூரியை மறுத்தபோது, இவள் என்ன புதுசா பத்தியம் பிடிக்கிறாள் என்று காதுபடவே பேசினார்கள். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இம்யூனோஃப்ளோரசன்ஸ் அறிக்கையோடு ஒரு படமும் தந்திருந்தார்கள். கறுப்பு இருட்டில், தோலின் மேடு மேடான விளிம்பு நெடுகப் பச்சைப் புள்ளிகள் மினுங்கும். அந்தப் புள்ளிகள்தான் ஐஜிஏ. ஒரு நாள் அதை என் மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது உன் தோலா கண்ணு?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். வேறொன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மளிகைக் கடையில் பெருங்காய டப்பாவைத் திருப்பி வைத்துக்கொண்டு, பொடி எழுத்தை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.